காஞ்சிபுரம் வெயிலும் மஞ்சள் கண்ணாடியும்

"என்னம்மா இது, மஞ்சத்தூளா?"

சென்னை விமான நிலையத்தில் என் பெட்டியைத் திறந்த அதிகாரி, டப்பாவை விளக்குக்கு நேராகத் தூக்கிப் பிடித்துக் கேட்டார். ஆமாம் என்று சொல்லியிருந்தால் சிரித்துவிட்டு அனுப்பியிருப்பார். பினாங்கில் வேதியியல் சொல்லிக்கொடுத்தே காலம் தள்ளுகிறவள் நான். வாய் சும்மா இருக்கவில்லை. "இல்லைங்க. தண்ணியில கலந்திருக்கிற மருந்தை வெயில்ல அழிக்கிற தூள்" என்றேன்.

மருந்து என்ற சொல் மட்டும்தான் அவர் காதில் விழுந்திருக்க வேண்டும். இன்னொரு அதிகாரி வந்து மோந்து பார்த்தார். மூன்றாவதாக வந்தவர் என் பாஸ்போர்ட்டையும் முகத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். கடைசியில், சோதித்துவிட்டுத் தருகிறோம், ஒரு மாதம் ஆகலாம் என்றார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். பெயர் தெரியாத தூளோடு ஒருத்தி வந்து நின்றால் பினாங்கிலும் இதுதான் நடக்கும். ஆனால் எனக்கு இருந்த விடுப்பு இரண்டு வாரம்கூட இல்லை. அந்தத் தூளுக்காகத்தான் இந்தப் பயணமே.

கிளம்புவதற்கு முன் என் துறைத் தலைவர் கையைக் கட்டிக்கொண்டு சொன்னது ஞாபகம் வந்தது. "ஆய்வுக்கூடத் தண்ணீரில் அழகாக வேலை செய்கிறது. அதோடு நிறுத்திக்கொள், புவனா. நிஜச் சாக்கடையில் விட்டால் செத்துவிடும். உனக்குத்தான் அவமானம்." அவர் மலாயில் சொன்னார், நான் தமிழில் சொல்வதால் கொஞ்சம் இதமாகிவிட்டது.

காஞ்சிபுரம் பஸ் ஸ்ரீபெரும்புதூர் தாண்டியதும் பட்டென்று ஒரு சத்தத்தோடு சாய்ந்து நின்றது. டயர். பினாங்கில் இப்படி நடந்தால் ஆளாளுக்குக் கைபேசியைக் குனிந்து பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்போம். இங்கே பஸ் முழுவதும் இறங்கி டயரைச் சுற்றி நின்று யோசனை சொன்னது. நடத்துநர் மட்டும் சாலையோரத்தில் நிம்மதியாக டீ குடித்துக்கொண்டிருந்தார். "பின்னாடி வண்டி வந்துக்கினு இருக்குதுமா, அதுல ஏத்தி வுட்றேன்" என்றார். வந்த வண்டியில் நிற்கக்கூட இடமில்லை. ஒற்றைக்காலில் ஊர் போய்ச் சேர்ந்தேன்.

பஸ் நிலையத்தில் ஸ்கூட்டரோடு நின்றிருந்தாள் தேவகி. அதுவரை அவளைத் திரையில் மட்டுமே பார்த்திருந்தேன். கல்லூரி ஒன்றில் வேதியியல் விரிவுரையாளர். பிள்ளையார்பாளையத்தில் பட்டு நெய்யும் குடும்பம். அவள் கணவரும் மாமனாரும் தறியில் இருக்கிறார்கள். அவர்கள் தெருவுக்குப் பின்னால் ஒரு தனியார் மருத்துவமனை. அதன் மதிலுக்குக் கீழே ஒரு குழாய் நீட்டிக்கொண்டிருக்கிறது. அதில் வரும் தண்ணீரை அவள் எடுத்துச் சென்னையில் ஒரு தோழியின் ஆய்வகத்தில் சோதித்தபோது வலி மாத்திரை, நுண்ணுயிர்க்கொல்லி, வலிப்பு மருந்து என்று வரிசையாக வந்திருக்கிறது. தெருக்கூட்டத்தில் அதைச் சொன்னாள். மருத்துவமனை மேலாளர் வழக்குப் போடுவேன் என்றார். பட்டு வாங்க வருகிறவர்கள் பயந்து ஓடிவிடுவார்கள் என்று தெருக்காரர்களே சிலர் கோபித்துக்கொண்டார்கள். அப்போதுதான் என் ஆய்வுக்கட்டுரையைப் படித்துவிட்டு எனக்கு எழுதினாள்: உங்கள் தூள் என் தண்ணீரைத் தாங்குமா?

"தூள் எங்கக்கா?" என்றாள் முதல் கேள்வியாக.

சொன்னேன். ஸ்கூட்டரில் சாய்ந்து கொஞ்ச நேரம் சிரித்தாள். "சரி விடுங்க. செஞ்சுக்கலாம். முதல்ல சாப்பிடுங்க."

மிளகும் சீரகமும் சுக்கும் கடிபடும் காஞ்சிபுரம் இட்லியைச் சாப்பிட்டபடியேதான் யோசித்தோம். மந்தாரை இலை வாசனை அதன் மேல் ஏறியிருந்தது. எங்கள் ஊர் இட்லி பஞ்சு மாதிரி இருக்கும். இது பதில் பேசுகிற இட்லி. இரண்டாவது துண்டை முடிப்பதற்குள் முடிவு செய்துவிட்டோம்.

அந்தத் தூளில் மந்திரம் எதுவும் இல்லை. யூரியாவை மூடி போட்ட கிண்ணத்தில் வைத்து மின்சார உலையில் வேகவைத்தால், அது ஆவியாகிக் குறைந்து, அடியில் வெளிர்மஞ்சளாக ஒன்று மிஞ்சும். வெயில் பட்டதும் அது தண்ணீரில் கரைந்திருக்கும் ஆக்சிஜனைச் சீண்டிவிடும். சீண்டப்பட்ட ஆக்சிஜன் பக்கத்தில் கிடைக்கும் மூலக்கூறைக் கடித்துத் துண்டு துண்டாக்கும். தூள் மட்டும் செலவாகாமல் அப்படியே இருக்கும். வேண்டியது யூரியா, உலை, வெயில். உலை கல்லூரியில் இருந்தது. வெயில் காஞ்சிபுரத்தில் கேட்காமலே கிடைத்தது.

மறுநாள் காலையில் யூரியாவுக்குப் புறப்பட்டோம். ஆட்டோ தெருமுனையைத் தாண்டவில்லை. தெரு நீளத்துக்குத் தறிக்கான பாவு கட்டியிருந்தார்கள். பச்சையும் அரக்குமாக ஆயிரக்கணக்கான பட்டு இழைகள், இடுப்பு உயரத்தில். "இன்னும் கொஞ்ச நேரம் ஆவும்பா, சுத்திக்கினு போ" என்றார் ஒருவர், திரும்பிக்கூடப் பார்க்காமல். ஆட்டோக்காரர் ஹாரன்கூட அடிக்காமல் பின்னால் எடுத்தார். பினாங்கில் சிவப்பு விளக்குக்கு மட்டும்தான் இந்த மரியாதை.

வாலாஜாபாத் வழியாகத் தென்னேரி போனோம். ஏரி கடல் போல் விரிந்து கிடந்தது. தேவகியோடு படித்த மங்கை அங்கே நெல் பயிரிடுகிறாள். "யூரியாவா? பயிருக்குப் போட்டது போக மிச்சம் இருக்குது, எடுத்துக்கினு போ" என்று ஒரு பையைத் தூக்கிப் போட்டாள். எதற்கு என்று கேட்டாள். தேவகி சொன்னாள். மங்கை ஏரியைப் பார்த்தாள், எங்களைப் பார்த்தாள். "கோழிக்குப் போடுற மருந்தெல்லாம் எங்க வந்து சேருதுன்னு நெனைக்கிற? உன் மெஷின் வேலை செஞ்சா சொல்லு. நானே வந்து சுமை தூக்குறேன்."

இந்தியாவில் யூரியாவுக்கு வேப்பெண்ணெய் பூசி விற்கிறார்கள் என்பது எனக்குத் தெரியாது. அப்படியே உலையில் வைத்தால் எண்ணெய் கருகி எல்லாம் கெடும். தண்ணீரில் கரைத்து, வடிகட்டி, தேவகி வீட்டு மாடியில் தட்டுகளில் ஊற்றிக் காயவைத்தோம். பக்கத்து மாடியில் வடகம் காயவைத்த பெண்மணி எட்டிப் பார்த்து, "இன்னா மாவும்மா அது, இவ்ளோ வெள்ளையா இருக்குது?" என்று கேட்டார். யூரியா என்றதும் தன் வடகத்தை இரண்டடி தள்ளி வைத்துக்கொண்டார்.

உலை வேலை அதற்கடுத்த நாள். யூரியா வேகும்போது அம்மோனியா கக்கும் என்பது எங்கள் இருவருக்கும் தெரியும். ஆய்வகத்து எக்ஸாஸ்ட் ஃபேன் நடுவில் நின்றுபோகும் என்பது தெரியாது. கொஞ்ச நேரத்தில் வராந்தா முழுக்க மூக்கைப் பொத்திக்கொண்டு மாணவிகள். பக்கத்து வகுப்பில் பொருளாதாரம் நடத்திக்கொண்டிருந்தவர் கண்ணைத் துடைத்தபடி வெளியே வந்தார். உலையை அணைத்து, எல்லாரையும் மைதானத்துக்கு அனுப்பி, ஜன்னல்களைத் திறந்து வைத்தோம். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் முதல்வர் வந்துவிட்டார்.

அவர் கெட்ட மனிதர் இல்லை. களைத்த மனிதர். "டாக்டர் புவனா, நீங்க விருந்தாளி, உங்களை ஒண்ணும் சொல்லல" என்று ஆரம்பித்து, தேவகியைப் பார்த்துச் சொன்னார்: "ஏற்கெனவே அந்த ஆஸ்பத்திரிக்காரங்க தினமும் போன் பண்றாங்க. அவங்க பொண்ணுங்களும் நம்மகிட்டதான் படிக்குது. ஒரு காரியம் பண்ணுங்கம்மா. ஒரு கிளாஸ்ல சிவப்புச் சாயத்தைப் போட்டு, வெயில்ல வெச்சு, வெளுத்துப்போச்சுன்னு காட்டிட்டு முடிச்சுக்குங்க. நாலு போட்டோ எடுத்துக்கலாம். எல்லாருக்கும் சந்தோஷம்."

"சாயம் வெயில்ல தானாவே வெளுக்கும் சார்" என்றாள் தேவகி. "எங்க தெருவுல அது சின்னக் குழந்தைக்கும் தெரியும். அத்தக் காட்டி நான் விஞ்ஞானம்னு சொன்னா, எங்க மாமனாரே சிரிப்பாரு."

"அப்போ காலேஜ்ல வேணாம். காலேஜ் பேரும் வேணாம்."

"சரி சார்" என்றாள். அவ்வளவு சீக்கிரம் சரி சொல்வாள் என்று நான் எதிர்பார்க்கவில்லை. வெளியே வந்ததும் கைப்பையைத் திறந்து காட்டினாள். உலையை அணைப்பதற்கு முன்பே வெந்து, ஆறவைத்திருந்த கிண்ணங்கள் உள்ளே இருந்தன. மூடியைத் திறந்தேன். எலுமிச்சை நிறத்தில், பஞ்சு மாதிரி, என் தூள். விமான நிலையத்தில் விட்டுவந்ததைவிட நன்றாகவே வந்திருந்தது.

தூளைத் தண்ணீரில் கொட்டினால் திரும்ப அள்ள முடியாது. கண்ணாடியில் ஒட்டவைக்க வேண்டும். சாமிப் படங்களுக்குச் சட்டம் போடும் கடையில் சொரசொரப்பான மங்கல் கண்ணாடியைக் கையகலத் துண்டுகளாக வெட்டித் தரச் சொன்னோம். கடைக்காரரும் அவர் மனைவியும் தெலுங்கில் பேசிக்கொண்டார்கள். என்ன சொல்கிறார்கள் என்று தேவகியிடம் கேட்டேன். "இவ்ளோ துண்டா வாங்குறாங்களே, குட்டிக் குட்டியா எந்தச் சாமி இதுக்குள்ள உட்காரப்போவுதுன்னு அந்தம்மா கேக்குறாங்க. சாமிக்கு இல்ல, படிச்சவங்கல்ல, இப்படித்தான் ஏதாவது பண்ணுவாங்கன்னு அவரு சொல்றாரு."

தூளைக் கூழாக்கிப் பூசி, காயவைத்து, மறுபடி சூடாக்கினோம். இந்தமுறை கல்லூரி உலை இல்லை. நகை உருக்கும் தேவகியின் சித்தப்பாவின் பட்டறையில் இருந்த மின்உலை. ஸ்கூட்டரில் எடுத்துவரும்போது ஒரு பள்ளத்தில் ஏறி இறங்கியதில் சில துண்டுகள் உடைந்தன. தெருவில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கினேன். போகிற வருகிறவர்களெல்லாம், "பாத்தும்மா, கை!" என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

கண்ணாடிகளை வைக்க இடம் கொடுத்தவள் வள்ளியம்மாள். தேவகிக்கு நாலு வீடு தள்ளி, இரண்டு தறி வைத்திருக்கிறாள். மருத்துவமனை மதிலின் குழாய் நேராக அவள் புழக்கடைக்குப் பின்னால்தான் விழுகிறது. எங்கள் ஊரில் லோங்காங் என்போமே, அதேபோல் திறந்த சாக்கடை. அதே பச்சை, அதே குமிழி. எதற்காக இடம் தருகிறாள் என்று கேட்டேன். தறியிலிருந்து காலை எடுக்காமலே சொன்னாள்.

"எம் மருமகளுக்கு நீர்க்கடுப்பு வந்துச்சு. மாத்திரை குடுத்தாங்க, கேக்கல. மாத்திக் குடுத்தாங்க, கேக்கல. மூணாவது ஊசியிலதான் அடங்குச்சு. டாக்டரு சொல்றாரு, கிருமிக்கு மருந்து பழகிப்போச்சாம். எங்கம்மா போய்ப் பழகுச்சு அது? அவ வருஷத்துக்கு ஒரு மாத்திரை போட்டவ இல்ல."

"அந்தச் சாக்கடையாலதான்னு என்னால சொல்ல முடியாது வள்ளிக்கா" என்றாள் தேவகி.

"நீ சொல்ல வேணாம். நீ வெச்சுப் பாரு."

கண்ணுக்குத் தெரியாததைத் தெருவுக்கு எப்படிக் காட்டுவது? மருந்துக்கு நிறமில்லை. சென்னைக் கருவி காட்டும் கோடுகளை வள்ளியம்மாளும் மற்றவர்களும் நம்ப வேண்டிய கட்டாயம் என்ன? யோசித்து யோசித்து, மதியம் மோர்சாதம் பிசைந்துகொண்டிருந்தபோது எனக்குத் தோன்றியது. தயிர். நுண்ணுயிர்க்கொல்லி கலந்த பாலில் உறை ஊற்றினால் தோயாது. பாலைத் தயிராக்கும் கிருமியையும் அந்த மருந்து விடாது. தேவகி எச்சில் கையோடு எழுந்து நின்றுவிட்டாள்.

சாக்கடைத் தண்ணீரை எடுத்துத் துணியில் வடித்தோம். அதில் ஒரு பங்கை அப்படியே வைத்தோம். மற்றதில் ஒரு நுண்ணுயிர்க்கொல்லிக் காப்ஸ்யூலைப் பிரித்து, சிட்டிகை மருந்து கலந்தோம். எல்லார் முன்னாலும்தான் கலந்தோம். நாங்கள் போட்டது என்று சொல்லியே போட்டோம். அதை இரண்டாகப் பிரித்து, ஒன்றை வெறும் கண்ணாடி பதித்த தட்டிலும், இன்னொன்றை மஞ்சள் கண்ணாடி பதித்த தட்டிலும் உச்சி வெயிலில் மெல்லிசாக ஓடவிட்டு, திரும்பத் திரும்ப அள்ளி ஊற்றினோம். சாயங்காலம் மூன்று தண்ணீரிலும் பால்பவுடர் கரைத்து, காய்ச்சி, ஆறவைத்து, உறை ஊற்றி மூடினோம். தின்பதற்கில்லை என்று வள்ளியம்மாள் சட்டிகளில் சுண்ணாம்பால் பெரிய பெருக்கல் குறி போட்டாள்.

மறுநாள் காலையில் தெருவே வந்துவிட்டது. மருத்துவமனை மேலாளர் பாலகுமாரும் வந்தார். இஸ்திரி போட்ட சட்டை, கையில் இரண்டு போன். முதல் சட்டி, மருந்து போடாத தண்ணீர்: தோய்ந்திருந்தது. இரண்டாவது, வெறும் கண்ணாடி: பாலாகவே கிடந்தது. மூன்றாவது, எங்களுடைய மஞ்சள் கண்ணாடி. மூடியைத் திறந்து சட்டியைச் சாய்த்தேன். பால் தளதளவென்று ஒரு பக்கம் ஓடியது.

யாரோ சிரித்தார்கள். பிறகு நிறையப் பேர்.

"அப்போ உங்க மெஷின் ஃபெயில், மேடம்" என்றார் பாலகுமார்.

அந்த நேரத்தில் என் துறைத் தலைவரின் குரல் எங்கிருந்தோ கேட்டது என்று எழுதினால் நாடகமாகிவிடும். கேட்கவில்லை. கேட்டதெல்லாம் தெருவின் சிரிப்புதான். "ஆமாங்க. இன்னிக்கு வேலை செய்யல" என்றேன். "நாளைக்கும் இங்கதான் இருப்போம்."

"நாளைக்கும் ஆகலன்னா?"

"நாளான்னிக்கும் இருப்போம்" என்றாள் தேவகி. "நான் இங்கதான் குடியிருக்கேன். நான் வேற எங்க போவப்போறேன்?"

கூட்டம் கலைந்ததும் உட்கார்ந்து காரணத்தைத் தேடினோம். தேட ரொம்ப நேரம் ஆகவில்லை. துணியில் வடித்தும் தண்ணீர் கலங்கலாகவே இருந்தது. அந்தக் கலங்கல் வெயிலைத் தடுத்திருக்கிறது. சோப்பும் அழுக்கும் முந்திக்கொண்டு வந்து கடிபட்டிருக்கின்றன. மருந்து பின்னால் ஒளிந்து தப்பித்துவிட்டது. ஆய்வுக்கூடத் தண்ணீரில் மருந்துக்கு இந்தக் கூட்டம் இல்லை. துறைத் தலைவர் சொன்னதில் பாதி சரிதான். மிச்சப் பாதிதான் எனக்கு வேண்டியிருந்தது.

மேலே கரித்தூள் போட்டு வடிகட்டினால் சுலபம் என்று தேவகியின் கணவர் சொன்னார். சுலபம்தான். தேவகி ஒத்துக்கொள்ளவில்லை. "கரி மருந்தைப் புடிச்சு வெச்சுக்கும், அழிக்காது. அப்புறம் தயிர் தோஞ்சா, கண்ணாடியால தோஞ்சுதா கரியால தோஞ்சுதான்னு யாருக்குத் தெரியும்? ஜெயிச்ச மாதிரி காட்டுறதுக்கு நான் இவ்ளோ ஏச்சு வாங்கல."

ஆகவே மணல் மட்டும். பாலாற்று மணல் இரண்டு டிரம்மில் கழுவி நிரப்பி, தண்ணீரை அதன் வழியே சொட்டவிட்டோம். வெறும் கண்ணாடித் தட்டுக்கும் மணலில் வடிந்த அதே தண்ணீர். தட்டின் சாய்வைக் குறைத்தோம். தண்ணீர் தாளளவு மெலிந்து, கண்ணாடி மேல் தயங்கித் தயங்கி நகர்ந்தது. இரண்டு நாள் மேகம். எங்கள் ஊரில் வெயில் வேண்டும் என்று யாரும் வேண்டிக்கொள்வதில்லை. இங்கே நான் மொட்டைமாடியில் நின்று மேகத்தைத் திட்டினேன். வடகப் பெண்மணியும் சேர்ந்து திட்டினார்.

மூன்றாம் நாள் வெயில் வந்தது. மறுபடி ஊற்றினோம், காய்ச்சினோம், உறை ஊற்றினோம்.

காலையில் கூட்டம் குறைவு. தோற்றதை ஒருமுறை பார்த்தவர்கள் மறுமுறை வரவில்லை. ஆனால் பாலகுமார் வந்திருந்தார். வள்ளியம்மாள்தான் சட்டிகளைத் திறந்தாள். முதலாவது தோய்ந்திருந்தது. இரண்டாவது பால். மூன்றாவதைச் சாய்த்தாள். எதுவும் ஓடவில்லை. இன்னும் சாய்த்தாள். சட்டியைக் கிட்டத்தட்டக் கவிழ்த்தே விட்டாள். கெட்டியாக, விளிம்போடு ஒட்டிக்கொண்டு நின்றது தயிர்.

"தோஞ்சிருக்குதும்மா!" என்று கத்தினாள். தேவகி என் கையைப் பிடித்த பிடியில் வளையல் பதிந்துவிட்டது.

பாலகுமாரைக் குறைத்து எடைபோட்டிருந்தேன். அவர் முதல் சட்டியைச் சுட்டினார். "இது எங்க பைப்ல வர்ற தண்ணி. மருந்து நீங்க கலக்காதது. இதுலயும்தான் சூப்பரா தோஞ்சிருக்குது. அப்போ எங்க தண்ணியில மருந்தே இல்லன்னுதானே அர்த்தம்?"

கூட்டத்தில் சிலர் தலையாட்டினார்கள். நியாயமான கேள்வி. தேவகி நிதானமாகப் பதில் சொன்னாள். "தயிரை நிறுத்துற அளவுக்கு இல்ல. கிருமியைக் கொல்ற அளவுக்கும் இல்ல. அதுதான் பிரச்சினையே. கொல்லாம, தினமும் கொஞ்சம் கொஞ்சமா காட்டிக்கினே இருந்தா, கிருமி அந்த மருந்தோட வாழப் பழகிக்கும். அப்புறம் நமக்கு நோவு வந்தா அந்த மருந்து கேக்காது." வள்ளியம்மாள் வீட்டுக்குள்ளே, மருமகள் இருந்த பக்கம் பார்த்தாள்.

"அவ்ளோ நம்பிக்கைன்னா" என்று பாலகுமார் என் பக்கம் திரும்பினார், "உங்க தட்டுல வந்த தண்ணிய ஒரு டம்ளர் குடிச்சுக் காட்டுங்க மேடம். வீடியோ எடுத்து நானே போடுறேன்." போனைத் தூக்கிப் பிடித்துவிட்டார். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.

"குடிக்க மாட்டேன்" என்றேன்.

"பாத்தீங்களா!"

"குடிக்கிற தண்ணின்னு நான் எப்பவும் சொல்லல. அதுல மருந்து உடைஞ்ச துண்டுங்க இருக்கும், சாக்கடைக் கிருமி இருக்கும். மருந்தைக் குறைக்கும், அவ்வளவுதான் சொன்னேன். அதைக் காட்டிட்டேன். உங்க வீடியோவுக்காக ஒரு சொட்டுகூட அதிகமா சொல்ல மாட்டேன். இதையே போடுங்க."

அவர் போனை இறக்கினார். உள்ளே, குழாய் தொடங்கும் இடத்திலேயே இந்தத் தட்டுகளை வைக்க அனுமதி தாருங்கள், நாங்களே வைத்துத் தருகிறோம் என்று தேவகி கேட்டாள். கேட்டுக்குள் காலை வைத்தால் போலீஸைக் கூப்பிடுவேன் என்று சொல்லிவிட்டுப் போனார்.

"அவரு கேட்டு அவரு வெச்சுக்கட்டும்" என்றாள் வள்ளியம்மாள். "குழாயோட வாய் என் பக்கம்தானே இருக்குது?"

அன்று மத்தியானமே வேலை தொடங்கியது. தேவகியின் கணவர் தறிக்கட்டையில் தாங்கு சட்டம் அடித்தார். மங்கை தென்னேரியிலிருந்து சொன்னபடி வந்து மணல் சுமந்தாள். குழாயின் வாய்க்குக் கீழே மணல் டிரம், அதற்குக் கீழே படிப்படியாக எட்டுத் தட்டு, எல்லாம் வள்ளியம்மாளின் புழக்கடை எல்லைக்குள். குழாயில் வரும் எல்லாத் தண்ணீரையும் தாங்க அவற்றால் முடியாது. டிரம் நிறைந்து மிச்சம் பழையபடி சாக்கடையில் வழிந்தது. தட்டுகள் ராத்திரியில் தூங்கும், மேகத்தில் சோம்பும். இதையெல்லாம் தெருவில் ஒருவர் விடாமல் சொன்னோம்.

கடைசி நாள், சென்னையிலிருந்து தேவகியின் தோழி போன் செய்தாள். இந்தமுறை அவளுக்கு அனுப்பியிருந்தது நாங்கள் எதுவும் கலக்காத, குழாயில் வந்த தண்ணீர். தட்டுக்கு முன், தட்டுக்குப் பின். நுண்ணுயிர்க்கொல்லியின் கோடு கிட்டத்தட்டத் தரைமட்டமாகியிருந்தது. வலி மாத்திரை பாதியாகியிருந்தது. வலிப்பு மருந்து ஒன்று மட்டும் கல்லுப்பிள்ளையார் மாதிரி அசையாமல் இருந்தது. சந்தோஷமும் எரிச்சலும் ஒன்றாக வந்தன. அந்த வலிப்பு மருந்தின் பெயரைச் சொல்லி மலாயில் ஒரு கெட்ட வார்த்தை சொன்னேன். அர்த்தம் கேட்ட தேவகியிடம் சொல்லவில்லை.

அடுத்து கல்லூரி முதல்வர் தேவகியைப் போனில் கூப்பிட்டார். தெருவில் நடப்பதற்கும் கல்லூரிக்கும் சம்பந்தமில்லை என்று அவள் எழுதித்தர வேண்டுமாம். இல்லையென்றால் வேலையைப் பற்றி யோசிக்க வேண்டியிருக்குமாம். "எழுதித் தர்றதுக்கு முன்னாடி ஒரு தடவை வந்து பாருங்க சார். வெயில் இருக்கும்போது வாங்க" என்று சொல்லி வைத்துவிட்டாள்.  உடனே ஒரு துணியை எடுத்துத் தட்டில் படிந்த பாசியைத் துடைக்க ஆரம்பித்தாள். நானும் ஒரு துணியை எடுத்துக்கொண்டேன்.

அப்போதுதான் மதிலோரமாகச் சுற்றிக்கொண்டு பாலகுமார் வந்தார். கூட இரண்டு ஆட்கள்.

"யாரைக் கேட்டு இங்க வெச்சீங்க?"

தேவகி நிமிரவில்லை. "நீங்க யாரைக் கேட்டு வுட்டீங்கன்னு சொல்லுங்க. நாங்களும் அவங்களையே கேட்டுக்குறோம்."

"இது எங்க ஆஸ்பத்திரித் தண்ணி. எங்க பர்மிஷன் இல்லாம நீங்க புடிக்கவே கூடாது. எடுங்கடா அத்த."

ஆட்களில் ஒருவன் குனிந்து முதல் தட்டின் விளிம்பைப் பிடித்தான். தறியிலிருந்து எழுந்து வந்த வள்ளியம்மாள் அதே தட்டின் மறுவிளிம்பைப் பிடித்தாள். இழுக்கவில்லை. சும்மா பிடித்துக்கொண்டு நின்றாள். அவன் மேலாளரைப் பார்த்தான். தெருவிலிருந்து ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். பாவு கட்டிக்கொண்டிருந்தவர்கள், வடகப் பெண்மணி, முதல் நாள் சிரித்தவர்கள். மருமகளும் வாசற்படியில் வந்து நின்றாள்.

"தட்டு எங்களுது. மண்ணு என்னுது" என்றாள் வள்ளியம்மாள். "தண்ணி உங்களுதுன்னு நீங்களே சொல்றீங்க. ரொம்ப நல்லது. எல்லாரும் கேட்டுக்குனாங்க. உங்க தண்ணிய நீங்க அள்ளிக்கினு போங்க சார், நாங்க ஒண்ணும் சொல்லல."

அவன் விளிம்பிலிருந்து கையை எடுத்தான். பாலகுமார் குழாயைப் பார்த்தார். அது தன்பாட்டுக்கு ஊற்றிக்கொண்டிருந்தது.